பீலிவளைக்கு ஒரு கொப்பி

சோளகம் அடித்துக்கொண்டிருந்த ஒரு பின்னேரம். நாரந்தனையில் எங்கள் வீட்டு விறாந்தையில் அண்ணையின் மகள் சாய்மனைக் கதிரையில் கால்களை மடக்கிக்கொண்டு வாசித்துக்கொண்டிருந்தாள். ரொறன்ரோவிலிருந்து விடுமுறைக்கு வந்தவள், பன்னிரண்டு வயசு. கையில் தடித்த அட்டை போட்ட சின்னப் புத்தகம், நடுவில் அடையாளத்துக்கு ஒரு நாடா. காற்று தாளைப் புரட்டிவிடாமல் பெருவிரலால் அழுத்திப் பிடித்திருந்தாள். பக்கத்தில் வைத்த பால் தேத்தண்ணி ஆறி ஆடை படிந்துவிட்டது.

"மாமி, இந்தப் பிள்ளை இதை உண்மையாவே எழுதினதோ?"

வாங்கிப் பார்த்தேன். ஹவாய்த் தீவுகளின் இளவரசி கையுலானியின் டயறி, 1889ஆம் ஆண்டுக்கு உரியது. பதின்மூன்று வயசுப் பிள்ளை தன் நாட்களைத் தானே எழுதிவைத்ததுபோல இருந்தது. எழுதியவர் எலென் எமர்சன் வைட் என்ற அமெரிக்க எழுத்தாளர். புத்தகம் வெளிவந்தது 2001இல்.

"இல்லையம்மா, வேற ஆள் எழுதினது."

"அப்ப பொய்யோ?"

அந்தக் கேள்விக்கு விறாந்தையில் வைத்து என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இந்தக் கட்டுரை அதற்காகத்தான் எழுதப்படுகிறது.

கையுலானி உண்மையான ஆள். 1875இல் பிறந்தவள். ஹவாய் அரியணைக்கு வாரிசாக வரவேண்டியவளைப் படிக்கவென்று 1889இல் இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். அவள் அங்கே இருக்கும்போதே, 1893 ஜனவரியில், அரசியாக இருந்த அவளுடைய பெரியம்மா லிலியுவோகலானியை அமெரிக்கத் தோட்ட முதலாளிகளும் அவர்களைச் சேர்ந்தவர்களும் பதவியிலிருந்து இறக்கிவிட்டார்கள். பதினேழு வயசுப் பெட்டை வாஷிங்டனுக்குப் போய் ஜனாதிபதி கிளீவ்லாந்தைச் சந்தித்துத் தன் நாட்டுக்காகப் பேசினாள். பலன் இல்லை. 1898இல் ஹவாயை அமெரிக்கா தன்னுடன் சேர்த்துக்கொண்டது. அடுத்த ஆண்டு, இருபத்துமூன்று வயசில், கையுலானி இறந்துபோனாள்.

தீவிலே பிறந்து, படிக்கவென்று வெளிநாடு போய், திரும்பி வருவதற்குள் நாடு கைமாறிப்போன ஒரு பிள்ளையின் கதை. நாரந்தனை விறாந்தையில் அதை வாசித்தவள் ஏன் தேத்தண்ணியை மறந்தாள் என்பது எனக்கு விளங்கியது. அவளுக்கு விளங்கியதோ தெரியாது.

கண்காணிப்பில் எழுதிய டயறி

அமெரிக்காவின் ஸ்கொலாஸ்டிக் பதிப்பகம் 1999இல் தொடங்கி 2005 வரை இருபது புத்தகங்களாக வெளியிட்ட வரிசை இது. 'அரச டயறிகள்' என்று சொல்லலாம். கிளியோபாத்ரா, முதலாம் எலிசபெத், ரஷ்யாவின் அனஸ்தாசியா, போர்த்துக்கேயரை எதிர்த்து நின்ற அங்கோலாவின் என்சிங்கா, கொரியாவின் சொண்டொக் என்று பல நாட்டு இளவரசிகள், பெரும்பாலும் பத்துக்கும் பதினைந்துக்கும் இடைப்பட்ட வயசில். இந்தியாவிலிருந்து ஷாஜகானின் மகள் ஜஹானாரா. டயறி முடிந்ததும் பின்னால் வரலாற்றுக் குறிப்பும் வம்சாவளியும் படங்களும் வரும். உண்மை எவ்வளவு, கற்பனை எவ்வளவு என்று அங்கே பிரித்துச் சொல்லுவார்கள். எங்கள் பிள்ளை எந்தப் பிள்ளையையும்போல அந்தப் பின்பக்கத்துக்கு இன்னும் வரவில்லை.

இந்தப் புத்தகங்களில் எனக்குக் குறையாகப் படுவது ஒன்று உண்டு. சில இளவரசிகள் இன்றைய பள்ளிக்கூடப் பிள்ளைகள் பட்டுடுத்தி வந்ததுபோலப் பேசுகிறார்கள். அடிமைகளைக் கண்டு மனம் இளகுகிறார்கள், கலியாணம் வேண்டாம் என்கிறார்கள், எல்லாரும் சமம் என்கிறார்கள். அரண்மனையில் பிறந்த பிள்ளைக்கு அடிமை என்பவர் கதவு, தூண் மாதிரி என்றும் இருக்கிற ஒன்றாகத்தான் பட்டிருப்பார். வாசகிக்குப் பிடிக்கவேண்டும் என்று இளவரசியை நல்லவளாக்கும்போது அந்தக் காலம் கையைவிட்டுப் போய்விடுகிறது.

சரி, இளவரசிகள் உண்மையாகவே எழுதிய டயறி எப்படி இருக்கும்? விக்ரோரியா பதின்மூன்று வயசில், 1832இல், தாய் கொடுத்த கொப்பியில் எழுதத் தொடங்கினாள். 1901இல் சாவதற்குச் சில நாட்கள் முன்வரை விடவில்லை. ஆனால் அரசியாகும்வரை அவள் எழுதியதைத் தாய் பார்ப்பாள். தாய் வாசிக்கும் டயறியில் ஒரு பிள்ளை என்னத்தை எழுதும்? எங்கே போனோம், எத்தனை மணிக்குச் சாப்பிட்டோம், குதிரை மாற்றினோம். செத்த பிறகும் அவளை விடவில்லை. மகள் பியாட்ரிஸ் இருந்து பார்த்துப் பார்த்துப் பிரதி எடுத்து, வேண்டாதவற்றைக் கழித்து, மூலத்தின் பெரும்பகுதியை எரித்துவிட்டாள்.

பிரான்சின் பதினாறாம் லூயி சிறுவயசிலிருந்தே நாட்குறிப்பு வைத்திருந்தவன். பாஸ்ரில் சிறை விழுந்த 1789 ஜூலை 14ஆம் நாளுக்கு அவன் எழுதியது 'ஒன்றுமில்லை'. அன்றைக்கு வேட்டையில் ஒன்றும் அகப்படவில்லை என்பதுதான் கணக்கு. ஜஹானாராவும் எழுதியவள்தான். 1640 அளவில் பாரசீகத்தில் சூபி ஞானி மொய்னுத்தீன் சிஷ்தியின் வரலாற்றை எழுதினாள். அரண்மனைக்குள் இருந்த பிள்ளையை அந்த நூலில் தேடினால் காண்பது அரிது. 1627இல் அவளுக்குப் பதின்மூன்று வயசு. தகப்பன் பாட்டனோடு முரண்டு தக்காணத்தில் அலைகிறான், தம்பிமார் தாராவும் ஔரங்கசீப்பும் பிணையாகப் பாட்டன் அரண்மனையில். அந்த ஆண்டு அவள் நெஞ்சில் என்ன இருந்தது என்று அறிய அமெரிக்காவில் ஒரு எழுத்தாளர் 2002இல் கற்பனை செய்யவேண்டி வந்தது.

உண்மையான டயறி பொய் சொல்லலாம், பயந்து வாயை மூடலாம். இட்டுக்கட்டிய டயறிக்கு அந்தப் பயம் கிடையாது. பிள்ளை கேட்ட 'பொய்யோ'வுக்கு இது பாதிப் பதில்.

இளவரசிகள் நிறைந்த முதல் அலுமாரி

அரச பிள்ளைகளின் கதை ஈழத்தவர்களுக்குப் புதிது இல்லை. தமிழ் நாவல் தவழத் தொடங்கிய காலத்திலேயே நம்மவர்கள் அதைப் பிடித்துவிட்டார்கள். திருகோணமலை இன்னாசித்தம்பி 1891இல் எழுதிய 'ஊசோன் பாலந்தை கதை' பிரிந்துபோன இரட்டை அரச குமாரர்களைப் பற்றிய ஐரோப்பியப் பழங்கதையைத் தழுவியது. தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று சொல்லப்படும் 'மோகனாங்கி' 1895இல் வந்தது. அதை எழுதிய தி. த. சரவணமுத்துப்பிள்ளையும் திருகோணமலையார்தான். மதுரைச் சொக்கநாத நாயக்கர் காலத்துக் கதை. தலைப்பில் நிற்பது இளவரசியின் பெயர். 

அதற்குப் பிறகு கல்கி வந்தார். 1950இல் தொடங்கிய 'பொன்னியின் செல்வ'னை எங்கள் வீடுகளில் மூன்று தலைமுறை வாசித்திருக்கிறது. அதில் கோடிக்கரையிலிருந்து படகு இந்தப் பக்கம் வரும், பூதத்தீவு வரும், வாசிக்கும்போது கடல் வாசனையே வரும். ஆனாலும் குந்தவையை நாம் வெளியிலிருந்துதான் பார்க்கிறோம். கல்கி நம் தோளில் கை போட்டு, 'வாசகர்களே' என்று கூப்பிட்டு, எல்லாம் தெரிந்தவராகக் கதை சொல்லுகிறார். குந்தவைக்கும் எல்லாம் தெரியும். தெரியாத இளவரசியைத் தமிழ்ச் சரித்திரக் கதையில் காண்பது கடினம். கல்கியின் 'மோகினித் தீவு' மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி. சோழ இளவரசனும் பாண்டிய இளவரசியும் ஒரு தீவில் அமர்ந்து தங்கள் கதையைத் தாங்களே மாறி மாறிச் சொல்லுவார்கள். அங்கேயும் எல்லாம் முடிந்த பிறகு, முடிவு தெரிந்தவர்களாகச் சொல்லுகிறார்கள்.

டயறிக் கதையின் உயிர் இந்த இடத்தில்தான் இருக்கிறது. எழுதுகிறவளுக்கு நாளைக்கு என்ன என்று தெரியாது. வாசிக்கிறவளுக்குத் தெரியும். பிறந்தநாளுக்கு என்ன உடுப்பு என்று அனஸ்தாசியா யோசிக்கிற பக்கத்தில் நமக்கு 1918ஆம் ஆண்டின் நிலவறை தெரிகிறது. அவளிடம் சொல்லவும் முடியாது, தாளைத் திருப்பாமல் இருக்கவும் முடியாது.

எனக்கும் ஒரு கொப்பி இருந்தது. 1990இல் எனக்குப் பதின்நாலு வயசு. எண்பது பக்கக் கொப்பி, மட்டையில் நானே கீறிய பூ. ஓகஸ்டில் இராணுவம் தீவுப்பகுதியில் இறங்கியபோது ஊரோடு ஊராக வெளிக்கிட்டோம். அம்மா அடையாள அட்டைகளையும் காணி உறுதியையும் ஒரு சீலையில் சுற்றினா. நான் கொப்பியை றங்குப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன், இரண்டு மூன்று நாளில் வந்துவிடுவோம் என்று. வள்ளத்தில் பரவைக்கடலைக் கடந்து அராலிப் பக்கம் போய்ச் சேர்ந்தோம். கடைசியாக அதில் எழுதிய வசனம் மட்டும் நினைவிருக்கிறது. நாளைக்குக் கணக்கு ரியூசன், பயிற்சி இன்னும் செய்யவில்லை என்று. ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை, பெட்டியும் இல்லை. அந்த வசனத்தை எழுதிய பிள்ளையைவிட இன்று எனக்கு அதிகம் தெரியும். ஆனால் அந்த இரவு அவளுக்குத் தெரிந்ததை இன்று நான் எழுதினால் அது அவளுடைய எழுத்தாக இராது.

கல்லில் குதிரை இருக்கிறது

அடுத்த கிழமை பிள்ளையை நயினாதீவுக்குக் கூட்டிப்போனேன். குறிகட்டுவானில் ஏறினால் இருபது நிமிசத்துக்குள் நாகபூசணி அம்மன் கோவில் இறங்குதுறை. மணிமேகலைக் காப்பியத்தில் வரும் மணிபல்லவம் இதுதான் என்று கொள்ளுகிறவர்கள் உண்டு, வேறு இடம் சொல்லுகிறவர்களும் உண்டு. தீவார் நாங்கள் எங்கே நிற்போம் என்று சொல்லத் தேவையில்லை.

வழியில் அவளுக்கு அந்தக் காப்பியத்தில் வரும் பீலிவளையின் கதையைச் சொன்னேன். நாகநாட்டு அரசன் வளைவணனுக்கும் வாசமயிலைக்கும் பிறந்தவள். சூரியகுலத்தான் ஒருவனைக் கூடிக் கருவோடு இவள் வருவாள் என்று கணியன் ஏற்கெனவே சொல்லிவிட்டான். பூம்புகார்ச் சோலையில் சோழன் கிள்ளியோடு ஒரு மாதம் இருந்தாள், பிறகு சொல்லாமல் கொள்ளாமல் மறைந்தாள். பிள்ளை பிறந்ததும் மணிபல்லவத்துக்கு வந்து புத்த பீடிகையை வணங்கி, அங்கே வந்திருந்த கம்பளச் செட்டியின் கப்பலில், தகப்பனிடம் சேர்க்கச் சொல்லிக் குழந்தையைக் கொடுத்தாள். அன்றிரவே கப்பல் உடைந்தது. செட்டி தப்பினான். பிள்ளையைத் தேடி அலைந்த அரசன் இந்திரவிழாவை மறந்தான். பூம்புகாரைக் கடல் கொண்டது.

காப்பியம் பாடிய சாத்தனார் இவ்வளவையும் சொல்லுகிறார். பிள்ளையைக் கொடுத்துவிட்டுக் கரையில் நின்றவள் என்ன நினைத்தாள் என்று சொல்லவில்லை. அவளுடைய நாளை கணியனுக்குத் தெரிந்தது, தாய் தகப்பனுக்குத் தெரிந்தது, வானத்தில் திரியும் சாரணருக்கும் தெரிந்தது. அவள் ஒருத்திக்குத்தான் அது நடந்தது. பின்னால் நச்சினார்க்கினியர் பெரும்பாணாற்றுப்படைக்கு உரை எழுதும்போது, அடையாளமாகத் தொண்டைக்கொடி கட்டிய நாககன்னியின் குழந்தையைத் திரை கொண்டுவந்து கரைசேர்த்த கதையைச் சொல்லி, அவன்தான் தொண்டைமான் இளந்திரையன் என்பார். பிள்ளையைக் கரைசேர்க்க ஓர் உரையாசிரியர் முன்வந்தார். தாயைப் பற்றிப் பிறகு யாரும் விசாரிக்கவில்லை.

அதே அம்மன் கோவிலில் ஒரு தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை. ஊராத்துறைக்கு, அதாவது நமது ஊர்காவற்றுறைக்கு, வரும் பரதேசி வணிகருக்குக் காவல் வேண்டும் என்கிறது. யானை, குதிரை ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் காற்பங்கு பண்டாரத்துக்கு, மிச்சம் உடையவனுக்கு. சரக்கு ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் பாதிக்குப் பாதி. 1963இல் பேராசிரியர் கா. இந்திரபாலா இதைப் படித்து வெளியிட்டார்.

நான் விளங்கப்படுத்தி முடித்ததும் பிள்ளை கேட்டாள்: "அப்ப, கப்பலிலே பேபி இருந்தா யாருக்கு?"

கல்வெட்டின்படி பார்த்தால் யாருக்கும் இல்லை. உடைந்த கப்பலின் குதிரைக்குப் பங்கு குறித்த கல் இந்தக் கரையில் எண்ணூறு வருசமாக நிற்கிறது.

பீலிவளையை விடுவோம், அது காப்பியக் காலம். யாழ்ப்பாண அரசர்களின் நல்லூரில் நடந்தது ஆவணக் காலத்தில். 1591இல் போர்த்துக்கேயர் அரியணையில் ஏற்றிய எதிர்மன்னசிங்கம் 1617இல் இறந்தபோது வாரிசு சின்னஞ்சிறு பாலகன். அவனுக்காக ஆட்சி பார்க்க நின்ற அரசகேசரியைக் கொன்று சங்கிலி குமாரன் அதிகாரத்தைப் பிடித்தான். காளிதாசனின் இரகுவம்சத்தைத் தமிழில் பாடிய அரசகேசரி இவர்தான் என்பது யாழ்ப்பாணத்தில் நெடுங்காலமாக உள்ள கொள்கை. நீர்வேலியில் அவர் பெயரால் ஒரு பிள்ளையார் இன்றும் இருக்கிறார். 1619இல் பிலிப் டி ஒலிவேரா படையோடு வந்தான். கடல்வழி தப்பப் பார்த்த சங்கிலி பிடிபட்டுக் கோவாவில் கொல்லப்பட்டான். அரச குடும்பத்துப் பிள்ளைகளும் பெண்களும் ஞானஸ்நானம் பெற்றுக் கிறிஸ்தவத் துறவு மடங்களுக்குப் போனார்கள். அரியணைக்கு உரிமை கேட்க ஆள் இல்லாமல் செய்ய அதைவிடச் சுகமான வழி இல்லை.

இதை நமக்குச் சொல்லுகிறவர்கள் யார்? போர்த்துக்கேயப் பாதிரியார் குவேறோஸ் அந்த நூற்றாண்டின் கடைசியில் எழுதினார், வென்றவர்களின் பக்கத்திலிருந்து. நம் பக்கத்தில் மயில்வாகனப் புலவரின் 'யாழ்ப்பாண வைபவமாலை' உண்டு. அது ஒல்லாந்தர் காலத்தில், நூறு வருசத்துக்கும் மேல் கழித்து எழுதப்பட்டது. அதில் முதலாம் சங்கிலியும் கடைசிச் சங்கிலியும் ஒரே ஆளாகிவிட்டார்கள். இரண்டு அரசர்களையே ஒன்றாக்கிவிட்ட ஏட்டில், கோவா போன கப்பலின் மேற்தட்டில் நின்ற ஒரு பெட்டைக்கு இடம் கிடைக்குமா?

செங்கை ஆழியான் ஊர்காவற்றுறைக்கு எதிரே கடலுக்குள் நிற்கும் அம்மன்னீல் கோட்டையை வைத்துக் 'கடற்கோட்டை' என்று நாவல் எழுதினார். இடத்தை நாவலாக்க நம்மிடம் கை உண்டு. நல்லூர் இளவரசி ஒருத்தியின் 1619ஆம் ஆண்டை அவள் வாயாலேயே சொல்லவைக்க இன்னும் ஒருவரும் வரவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

வருகிறவருக்கு ஒரு சிக்கல் காத்திருக்கிறது. அவள் எதில் எழுதுவாள்? கடதாசி கிடையாது, பனை ஓலைதான். ஓலையை அவித்து, நிழலில் உலர்த்தி, அழுத்தித் தேய்த்து மினுக்கி, அளவாக நறுக்கித் துளை போட்டு நூல் கோக்க வேண்டும். எழுத்தாணியால் எழுதுவது எழுத்தைவிடக் கீறலுக்குக் கிட்ட. புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று மெய்யெழுத்துக்குப் புள்ளியே வைக்கமாட்டார்கள். எழுதி முடித்துக் கரி பூசித் துடைத்தால்தான் எழுத்து கண்ணுக்குத் தெரியும். கோபத்தில் கிறுக்க முடியாது, அடித்துத் திருத்த முடியாது. ஓர் ஓலையின் ஒரு பக்கத்தில் ஐந்தாறு வரி பிடிக்கும். 'அன்புள்ள டயறியே' என்று தொடங்கினால் அதற்கே அரை வரி போய்விடும்.

ஐந்தாறு வரி போதுமா என்று கேட்பவர்களுக்குப் பாரியின் மகள்மாரை நினைவூட்டலாம். புறநானூற்றின் 112ஆம் பாட்டு, ஐந்தே அடி. தகப்பனை இழந்து, மலையை மூன்று வேந்தரிடம் பறிகொடுத்த இரண்டு பிள்ளைகள். போன மாத நிலவுக்கு என்ன இருந்தது, இந்த மாத நிலவுக்கு என்ன இல்லை என்று கணக்குப் பார்ப்பதைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை. அழுகை என்ற சொல்கூட வராது. இரண்டு தேதிகளை அருகருகே வைத்துவிட்டு எழுத்தாணியைக் கீழே வைத்துவிட்டார்கள். தமிழில் ஓர் அரச பிள்ளையின் டயறி என்று நான் எதையாவது காட்டவேண்டுமென்றால் இதைத்தான் காட்டுவேன். பிள்ளைக்கும் அன்றிரவு இதைத்தான் சொன்னேன். மின்சாரம் போயிருந்தது, முற்றத்தில் நிலவு. அவள் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அவை ரெண்டு பேரும் சேர்ந்தா எழுதினவை?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் ஊர்காவற்றுறைக் கடையில் ஒரு கொப்பி வாங்கித் தரச் சொன்னாள், கோடு போட்டது. இரண்டு நாளாக விறாந்தையில் குனிந்திருந்து எழுதினாள். தமிழில் எழுதத் தெரியாத சொற்களுக்கு என்னிடம் வந்தாள். பீடிகைக்கு என்ன 'டி' என்று கேட்டாள். வள்ளமா தோணியா கப்பலா, பீலிவளை எதைச் சொல்லியிருப்பாள் என்று கேட்டாள். அவளுக்கு என்ன வயசு என்று கேட்டாள். சாத்தனார் வயசு சொல்லவில்லை என்றேன். "பதின்நாலு எண்டு வைப்பம்" என்று தானே முடிவெடுத்துக்கொண்டு போனாள்.

அவள் கிணற்றடிக்குக் குளிக்கப் போன நேரம் கொப்பி கதிரையில் கிடந்தது. விக்ரோரியாவின் தாயைப்போல நான் அதைத் திறக்கவில்லை. மட்டை மட்டும் கண்ணில் பட்டது. மணிபல்லவம் என்று பெரிதாக எழுதி, கீழே திகதிக்கு வெள்ளிக்கிழமை என்று போட்டிருந்தாள். அதற்குக் கீழே ஆண்டு என்று எழுதி, பக்கத்தில் இடம் விட்டிருந்தாள்.